மூன்றாவது உதறல்

இரவு பஸ் ஸுமந்தையும் அவன் மனைவி வசுதாவையும் கடற்கரை ஊரில் இறக்கிவிட்டபோது விடிந்திருக்க வேண்டும். விடிந்த மாதிரித் தெரியவில்லை. மழை அப்படி.

ரிசார்ட் என்று போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே பாசி படர்ந்த ஓட்டு வீடுகள், ஈரக் கால்மிதி, கொசுவர்த்தி வாசனை. சாவியை நீட்டிய பசவராஜ், "செவப்புக் கொடி போட்டிருக்கு சார். கடல்ல மட்டும் கால் வைக்காதீங்க" என்று கன்னடத்தில் எச்சரித்தான்.

வசுதாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இரண்டு தடவை புக் செய்து, இரண்டு தடவையும் ஸுமந்தின் பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறிக் கேன்சலான பயணம் இது. ஜன்னலைத் திறந்து மழையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குளிக்கப் போனாள்.

அப்போதுதான் ஸுமந்தின் போன் சிணுங்கி ஒளிர்ந்தது. மைசூரிலிருந்து பெரியம்மா ரங்கம்மா.

'பெரியப்பா ஆசார்யன் திருவடி சேர்ந்துட்டார். உடனே பொறப்பட்டு வா. நீ வந்தாதான்...'

பூட்டிய திரையில் அதற்கு மேல் தெரியவில்லை. திறந்தால் தெரியும். திறந்தால், படித்துவிட்டான் என்று பெரியம்மாவுக்கும் தெரியும்.

பெரியப்பா செலுவநாராயணனுக்குப் பிள்ளை கிடையாது. அப்பா இல்லாத ஸுமந்தை அக்ரஹாரத்து வீட்டில் வைத்து வளர்த்தவர். போன மாதம் ஆஸ்பத்திரியில் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொள்ளி நீதான் வைக்கணும்டா. வேற கை வேண்டாம்."

"நான்தான் வைப்பேன் பெரியப்பா. சத்தியம்."

சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிஷமே தீட்டு. கட்டிய துணியோடு தலை முழுக வேண்டும். விழாத வரைக்கும் ஒன்றுமில்லை. சாஸ்திரத்தில் இப்படி ஒரு சந்து இருப்பதைச் சின்ன வயதில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே பெரியப்பாதான்.

ஒரே ஒரு நாள். மழையில் டவர் போய்விட்டது என்றால் யார் நம்பமாட்டார்கள்?

அவன் விரல் திரையிலிருந்த ஏரோப்ளேன் படத்தைத் தொட்டது.

"யாரு போன்ல?" உள்ளேயிருந்து வசுதா.

"ஆஃபீஸ். ஆஃப் பண்ணிட்டேன்."

"அட! மேனேஜருக்குப் பயப்படாத ஸுமந்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். வென்னீர் ஜோரா வரது, நீயும் தீர்த்தமாடிட்டு வா."

"அப்புறம் பாத்துக்கறேன்."

குளித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஊர் சுற்றக் கிளம்பினார்கள். சுற்றுவதற்கு ஊர்தான் இல்லை. ஐஸ்கிரீம் கடை இழுத்துச் சாத்தியிருந்தது. ஒட்டகச் சவாரி போர்டில் ஒட்டகத்தின் பாதி முகம் உரிந்திருந்தது. கரையேற்றிய படகுகள் நீலத் தார்ப்பாய்க்குள் ஒடுங்கிக் கிடந்தன. கருவாட்டு வீச்சமும் டீசல் வாடையும் மழையோடு சேர்ந்து தொண்டையில் இறங்கின. ஒரே குடைக்குள் வசுதா அவன் தோளை இடித்துக்கொண்டு நடந்தாள்.

பட்.

பின்னால் ஒரு சத்தம். ஈர வேட்டியை ஓங்கி உதறுகிற சத்தம்.

பட்.

வசுதா களுக்கென்று சிரித்தாள். "உங்க பெரியப்பா இங்கயும் வந்துட்டாரா?"

மைசூரில் தினமும் காலையில் பெரியப்பா கிணற்றடியில் நின்று வேட்டியை மூன்று தடவை உதறுவார். நாலு வீட்டுக்குக் கேட்கும். கிணற்றடிப் பட்டாசு என்று தெருவே கேலி செய்யும்.

ஸுமந்த் மூன்றாவது சத்தத்துக்குக் காத்திருந்தான்.

வரவில்லை.

"ஏன் நின்னுட்டே? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"குளிர்றது."

திறந்திருந்தது ஒரே ஒரு கடை. சங்கு, சோழி, சிப்பி மாலை. கடைக்காரி சித்தம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டு, அவர்களைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணனையும் உள்ள கூப்பிடுங்க. பாவம், நனையறாரு."

"இவருக்கு அண்ணனே கிடையாதும்மா," என்றாள் வசுதா கன்னடத்தில்.

"கிடையாதா? அதே மூக்கு, அதே நெத்தி. அச்சு அசல் இவரேதான். என்ன, அவரு இடுப்புல ஈர வேட்டி மட்டும் கட்டியிருக்காரு."

ஸுமந்த் திரும்பிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

ஆனால் வாசலுக்கு வெளியே, ஓரிடத்தில் மட்டும், மழையின் சத்தம் வேறாக இருந்தது. மண்ணில் விழும் சத்தமில்லை அது.

தோலின்மேல் விழும் சத்தம்.

கடற்கரை காலியாக இருந்தது. சிவப்புக் கொடி கம்பத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. கடலுக்கும் வானத்துக்கும் ஒரே சாம்பல் நிறம். மத்தியானம்தான், ஆனால் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டு.

"அங்க பாரு," வசுதாவின் குரல் இறங்கியது. "தண்ணி ஓரமா ஒருத்தர். அவருக்குப் பைத்தியமா?"

அவன் பார்த்தான்.

முதுகுதான் தெரிந்தது. வெற்று முதுகு, ஈர வேட்டி. இடது தோளில் ஒரு மண்குடம். குடத்தின் பக்கவாட்டிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எதுவும் இல்லாத வெறும் மணலை அந்த உருவம் சுற்றி வந்தது. மெதுவாக. தவறாமல்.

"ஸுமந்த்... அவர் நடுவுல என்னமோ படுத்திருக்கிற மாதிரி சுத்தறார்."

சுற்றி முடித்த உருவம் குடத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டது. கடல் இரைச்சலை மீறி ஓடு சிதறும் சத்தம் கேட்டது. பிறகு அது திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் நடந்தது.

இடது தோள் கொஞ்சம் சாய்ந்த நடை. வசுதா கல்யாண வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கேலி செய்யும் நடை.

அவன் நடை.

போனை உயிர்ப்பித்தான். பெரியம்மாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. நண்பகலுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இவன் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை.

மைசூர் பஸ்ஸில்தான் வசுதாவிடம் சொன்னான். அவள் கத்தவில்லை.

"காலையிலயே தெரியுமா?"

"உனக்காகத்தான் வசு. மூணாவது தடவையும்..."

"என் பேரைச் சொல்லாதே. நான் கேட்டேனா?" நகர்ந்து ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவே இன்னொருவர் உட்கார இடம் விட்டிருந்தாள். வழியெல்லாம் அந்த ஸீட் ஈரமாகவே இருந்தது.

அக்ரஹாரத்திலும் காலையில் தூறிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் கோலம் இல்லை. பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில், பெரியப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில், ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

ரங்கம்மா பாதிக் கதவைத் திறந்தாள். அழுது வீங்கிய கண்களால் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருப்பா? யார் வேணும்?"

"பெரியம்மா... நான்தான். ஸுமந்த்."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஸுமந்த் உள்ள இருக்கானே. நேத்து கொட்டற மழையில வந்து நின்னான். வாயே திறக்கலை, ஆனா ஒண்ணையும் விடாம எல்லாத்தையும் பண்ணினான். கொள்ளியும் அவன்தான் வெச்சான். பெத்த பிள்ளைகூட அப்படிச் செய்யமாட்டான்." பார்வை அவனைத் தாண்டிப் போனது. "வாம்மா வசுதா! ஆம்படையானைத் தனியா அனுப்பிச்சுட்டு நீ எங்கடி போயிருந்தே? நனைஞ்சிண்டு நிக்காதே. உள்ள வா."

கிணற்றடியிலிருந்து கேட்டது.

பட்.

வசுதா செருப்பைக் கழற்றினாள்.

"வசு, போகாதே. அது நான் இல்லை."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள் மெதுவாக. "நீதான் வரலையே."

பட்.

அவள் வாசற்படியைத் தாண்டினாள். கதவு மூட ஆரம்பித்தது. இடுக்கில் கூடம் தெரிந்தது. கூடத்துக்கு அப்பால் முற்றத்து வெளிச்சத்தில், கிணற்றடியில், வெற்று முதுகு ஒன்று தெரிந்தது. சாய்ந்த இடது தோள். அது இரண்டு கையாலும் வேட்டியை உயரத் தூக்கியது.

பட்.

கதவு மூடுவதற்குள், அத்தனை தூரம் தாண்டி, ஒரு துளி பறந்து வந்து ஸுமந்தின் உதட்டில் விழுந்தது.

உப்புக் கரித்தது.