எர்த் குழி

ஸ்டீரியோவில் இரைச்சல் என்று கூப்பிட்டால், முக்கால்வாசி வீடுகளில் வயரை ஒழுங்காக மாட்டியிருக்க மாட்டார்கள். அந்த நினைப்போடுதான் அன்று மத்தியானம் அந்தப் பழைய வீட்டுக்குள் போனேன்.

கூப்பிட்டவர் வீட்டின் மூத்தவர். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்து கிடந்தன. கதவோரம் அவருடைய தம்பி மனைவி. மழைக்காலத்துக்கு முன் சொல்லாமல் போன புருஷனை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.

"இது அவரோட செட்டுண்ணே. அவர் போனதுல இருந்து இப்படித்தான் முனகுது."

"முனகுதுன்னு சொல்லாதே!" மூத்தவர் சீறினார்.

இரைச்சலைப் பிடிக்க ஒரே வழிதான். ஒவ்வொரு வயராகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ, கோளாறு அங்கே. ரேடியோவைக் கழற்றினேன். சிடி பிளேயரைக் கழற்றினேன். கடைசியில் கரண்ட் பிளக்கையே உருவினேன்.

நிற்கவில்லை.

மிச்சமிருந்தது பச்சை எர்த் வயர் மட்டும். ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய், கொல்லையில் ஒரு குழிக்குள் இறங்கியது.

"வீட்டுக்கு ஏற்கெனவே எர்த் இருக்கே. இதுக்குத் தனிக் குழி எதுக்குங்க?"

"இடிக்குப் பயந்து நானே தோண்டினேன். அதுல கை வைக்காத!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு எர்த் கொடுத்தால் இரையாமல் பாட்டா பாடும்?

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?" என்று வயரை வெட்டினேன்.

இரைச்சல் நின்றது.

அதற்கு அடியில் ஒரு குரல் இருந்தது.

"மண்ணைப் போடாதண்ணே... உசுரு இருக்குண்ணே..."

"ஐயோ, என் வீட்டுக்காரரு!" அவள் அலறினாள்.

மூத்தவர் என் சுத்தியலைப் பிடுங்கி ஸ்பீக்கரை வெறிகொண்டு அடித்தார். பலகை பிளந்தது. உள்ளிருந்து ஈரமண் கொட்டியது. வெட்டிய வயர் தரையில் நெளிந்து வந்து அவர் கழுத்தைச் சுற்றியது.

"தம்பி, விட்டுடுடா!"

நான் அவர் காலைப் பிடித்து இழுத்தேன். வயர் ஜன்னல் பக்கம் இழுத்தது. முகம் கம்பியில் மோதி மோதிக் கிழிந்தது. கழுத்தெலும்பு நொறுங்கியது என் கைவரை தெரிந்தது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லைக்கு ஓடி, நகம் பிய்ந்து ரத்தம் வர மண்ணைப் பறித்தாள். அடியில், செம்புக் கம்பியை இறுகப் பிடித்தபடி ஒரு கை கிடந்தது. மோதிரத்தைப் பார்த்ததும் அதன்மேல் விழுந்து அழுதாள்.

இரண்டு பிணங்களையும் போலீஸ் கொண்டுபோனது. நேற்று அவள் திரும்பக் கூப்பிட்டாள். போனேன். உடைந்த ஸ்பீக்கர் மூலையில் கிடந்தது. ஒரு வயர்கூட இல்லை.

"மண்ணைப் போடாதடா தம்பி..."

இந்த முறை மூத்தவர் குரல்.

"நிறுத்தணுமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்ண்ணே. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா, பாருங்க."