வலப்பக்கக் கதவு

ஆர்லோ பிரெக்கே அந்தப் பழைய பிக்கப்பை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மார்லிஸ் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மே மாதம். வடக்கு டகோட்டாவில் அந்த வருடம் பனி வெகுநாள் கிடந்துவிட்டுத்தான் போயிருந்தது. தரை இன்னும் சொதசொதவென்று இருந்தது. டிரெய்லரின் சக்கரங்கள் பாதையில் ஆழமாகப் பதிந்து வரும் சத்தம் கேட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

வண்டி என்று அதைச் சொன்னதே மரியாதைக்குத்தான். ஒரு காலத்தில் வெளிர்பச்சையாக இருந்திருக்கும். இப்போது அடிமுதல் கூரைவரை துரு. பின்பெட்டிப் பலகைகளுக்கு நடுவே ஒரு எல்ம் மரக்கன்று முளைத்து இலைவிட்டிருந்தது.

"வண்டி எங்க ஆர்லோ? மரத்துக்குத் தொட்டிதானே கொண்டாந்திருக்கே?" என்றாள்.

ஆர்லோ சிரிக்கவில்லை. அவள் கணவன் ஒரின் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகவே மார்லிஸ் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரின் ட்வேய்ட் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். முந்தைய இலையுதிர்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, ஆள் கூடவில்லை. குளிர்காலம் முழுவதும் சோபாவில் கிடந்து, சத்தத்தை அணைத்துவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் மார்லிஸ் துப்பாக்கி அலமாரிச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள். சாவி எங்கே என்று அவன் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்து அவளுக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

அப்படிப்பட்டவன்தான் இப்போது கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, டிரெய்லரைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"என்ஜின் இறுகிக் கிடக்கு. பரவாயில்ல, எண்ணெய் ஊத்தி ஊறவெச்சா விட்டுக்கொடுக்கும். தரைத்தகடுதான் போயிடுச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சு வெல்டு பண்ணிடலாம். இந்தக் கதவு என்னடா?"

ஓட்டுபவர் உட்காருவது இடப்பக்கம். அவன் இழுத்துப்பார்த்தது கூட வருபவருக்கான வலப்பக்கக் கதவு.

"அது திறக்காது. அதை விட்டுடு, ஒரின்" என்றான் ஆர்லோ.

"ஏன்?"

"உள்பக்கம் கைப்பிடியே இல்ல. எங்க சித்தப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

வண்டியை கேரேஜுக்குள் தள்ளிவிட்டவுடன் ஆர்லோ புறப்பட்டான். மார்லிஸ் காப்பிக்குக் கூப்பிட்டாள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவன், அந்த வீட்டில் ஒருநாளும் காப்பி வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று வேண்டாம் என்றான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஜூன் மாதம் முழுவதும் கேரேஜிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. கம்பித்தூரிகை தகட்டில் தேயும் சத்தம், சுத்தியல் சத்தம், ஒரின் திட்டும் சத்தம். முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை முடித்து மார்லிஸ் வீடு திரும்பும்போது அந்தச் சத்தம் பாதையிலேயே அவளை எதிர்கொள்ளும். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. துருப்பிடித்த திருகுகளை ஒவ்வொன்றாக எண்ணெய் விட்டுக் கழற்றினான். கார்புரேட்டரைப் பிரித்துச் சமையல் மேசையிலேயே பரப்பினான். சாம்பல்நிறப் பிரைமர் அடித்த முன்மூடியைக் கேரேஜ் சுவரில் சாய்த்து, புதுமாப்பிள்ளை மாதிரி அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னான்.

ஹீட்டர் பெட்டியைக் கழற்றிய அன்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளே ஒரு பழைய எலிக்கூடு. சாம்பல்நிறக் கம்பளி நூல்களால் கட்டியிருந்தது. அதன் ஊடே, சுருள்சுருளாக, நீளமான வெளிர்நிற முடி.

"சீட்டுக்குள்ள அடைச்ச குதிரைமுடி. அந்தக் காலத்துல அதைத்தான் அடைப்பாங்க" என்றான் ஒரின்.

மார்லிஸ் குதிரை வளர்த்த வீட்டில் பிறந்தவள். குதிரைமுடி அவ்வளவு மெல்லியதாக இருக்காது.

கேரேஜில் ஒரு வாடை தங்கிவிட்டது. எண்ணெய் வாடையும் துரு வாடையும் அவளுக்குப் பழகியவை. இது வேறு. அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்ட ஈரக் கம்பளிக் கோட்டின் வாடை. வண்டியின் வலப்பக்கம் போகப்போக அது அடர்ந்தது.

ஜூன் கடைசியில் ஒரு மதியம், வெயில் கொளுத்தியது. கோதுமை வயல்களின் மேல் காற்று கானலாக நடுங்கியது. மார்லிஸ் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு கேரேஜுக்குப் போனாள். ஒரின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன.

வலப்பக்கக் கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

தூசு என்று நினைத்து விரலால் தேய்த்தாள். போகவில்லை. குளிர்ந்தது. உள்பக்கம் உறைபனி படிந்திருந்தது, ஜனவரி காலையில் ஜன்னலில் படிவதுபோல, இறகு இறகாக. அதன் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் தெளிவாக இருந்தது.

யாரோ வெளியே பார்ப்பதற்காக மூச்சுவிட்டுத் துடைத்த வட்டம்.

"ஒரின்."

"என்ன?"

"வெளிய வா. இதைப் பாரு."

அவன் முனகிக்கொண்டே வெளியே வந்து, கைத்தடியை ஊன்றி நின்று, இடப்பக்கக் கதவைத் திறந்தான். மறுபக்கம் திரும்பி வருவதற்குள் கண்ணாடியில் ஈரம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"வேர்த்திருக்கு, அவ்வளவுதான். சூட்டுக்கு வேர்க்கும்" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அப்போது அவளுக்குப் பட்டது.

அதன்பிறகு சுத்தியல் சத்தம் குறைந்தது. வேலை முடிந்து அவள் வரும்போது கேரேஜ் அமைதியாக இருக்கும். ஒரின் ஓட்டுபவர் இருக்கையில் வெறுமனே உட்கார்ந்திருப்பான். ஜூலை வெயிலில், மாட்டுக்காரர்கள் போடும் தடித்த குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு.

"இந்த வெக்கையில என்ன கோட்டு? பைத்தியமா உனக்கு?"

"உள்ள சில்லுனு இருக்கு."

"அப்ப வெளிய வா. சாப்பாடு ஆறுது."

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன், மார்லிஸ். தனியா விட்டுட்டு வர மனசு வரல."

"யாரைத் தனியா விட்டுட்டு?"

அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "வண்டியைத்தான்" என்றான், சற்றுத் தாமதமாக.

அவன் விரல்நுனிகள் வெளுத்து, மெழுகுபோல இருந்தன. குளிரில் சதை உறைந்துபோகும் பனிக்கடியை அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்லிஸ் அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்து ஊதினாள். சூடு ஏறவே இல்லை.

மறுநாள் அவள் கேரேஜ் கதவருகே நின்று கேட்டாள். ஒரின் மெல்லப் பேசிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துப் பையனிடம் பேசுவதுபோல, பொறுமையாக.

"அழாதே. நான் இருக்கேன்ல. நான் அந்த ஆளு மாதிரி விட்டுட்டுப் போகமாட்டேன். நாளைக்குக் கைப்பிடி மாட்டிடறேன். அப்புறம் நீயே திறந்துக்கலாம்."

அவன் நிறுத்தினான். பதில் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தான்.

பிறகு மெதுவாகச் சிரித்தான்.

அடுத்த நாள் காலை மார்லிஸ் வேலைக்குப் போகாமல் ஆர்லோவின் பண்ணைக்குப் போனாள். அவன் தகரக் கொட்டகையில் டிராக்டருக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"அந்த வண்டியில யாரு செத்தது?" என்று கேட்டாள்.

ஆர்லோ கைகளைத் துணியால் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க சித்தி. தோரா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. மார்ச் மாசம், பனிப்புயல். டவுன்லேர்ந்து வர்ற வழியில வண்டி பனிக்குவியல்ல மாட்டிக்கிச்சு. சித்தப்பா செல்மர் அவங்களை உள்ளயே இருக்கச் சொன்னாரு. ஆளைக் கூட்டிட்டு இதோ வந்துடறேன்னு சொல்லிட்டு இறங்கிப் போனாரு."

"திரும்பிப் போகலியா?"

"ஒரு வீடு கிடைச்சுது. அடுப்பு எரிஞ்சுது. உக்காந்துட்டாரு. காத்து நின்ன பிறகுதான் போனாரு. ஓட்டற பக்கக் கதவுக்கு மேல பனி மூடிக் கிடந்துச்சு. வலப்பக்கக் கைப்பிடி உடைஞ்சு அவங்க கையிலயே இருந்துச்சு."

வெளியே காற்று தகரத்தைத் தட்டியது.

"அப்புறம் அவரு அந்த வண்டியைப் பண்ணை ஓரத்து மரவரிசைக்குள்ள நிறுத்தினாரு. யாரையும் தொட விடமாட்டாரு. கடைசியில அவரும் அதுக்குள்ளதான் செத்தாரு. ஒரு ஆகஸ்ட் மாசம். உடம்பு குளிர்ல விறைச்சுப் போயிருந்துச்சுன்னு எங்கப்பா சொல்வாரு. நாங்க நம்பல."

"தெரிஞ்சேதான் எங்ககிட்ட கொடுத்தியா?"

"ஒரின்தான் கேட்டான்."

"தெரிஞ்சேதான் கொடுத்தியா, ஆர்லோ?"

அவன் அவளைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன.

"இந்த வசந்தத்துல என் பொண்ணு அதுல போய் உக்கார ஆரம்பிச்சா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரா அங்கதான். யாரோ ஒரு அம்மா கதை சொல்றாங்கன்னு சொன்னா. நான் என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு."

மார்லிஸ் திரும்பித் தன் காருக்கு நடந்தாள். அதைக் கிளப்பியபோதுதான் அவளுக்கு முந்தைய நாள் கேட்டது உறைத்தது.

நாளைக்குக் கைப்பிடி மாட்டிடறேன்.

அந்த நாளை, இன்றுதான்.

உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கேரேஜின் பெரிய கதவு மூடியிருந்தது. பக்கவாட்டுக் கதவின் இரும்புப்பிடியில் கைவைத்ததும் தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் மூச்சு புகையாக வந்தது.

வண்டியின் கண்ணாடிகள் எல்லாமே வெளுத்திருந்தன. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "ஒரின்" என்று கத்தினாள். இடப்பக்கக் கதவை இழுத்தாள். உறைந்து இறுகியிருந்தது. தரையில் கிடந்த சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை அடித்தாள். முதல் அடிக்கு விரிசல் விட்டது. மறுஅடிக்கு உடைந்து கொட்டியது.

உள்ளிருந்து குளிர் அவள் முகத்தில் அறைந்தது. அதோடு அந்த ஈரக் கம்பளி வாடை.

ஒரின் நேராக உட்கார்ந்திருந்தான். கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. புருவத்திலும் மீசையிலும் பனித்துகள். கண்கள் திறந்தே இருந்தன. வலது கை பக்கத்து இருக்கையின் மேல் நீண்டு, இன்னொரு கையைப் பற்றியிருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

அந்த விரல்களுக்குள் ஒன்றும் இல்லை.

அவள் தலையை உள்ளே நுழைத்து அவனைக் கட்டிக்கொண்டாள். கட்டையைக் கட்டிக்கொண்டது போலிருந்தது. அவன் தோளுக்கு மேலாகத்தான் மறுபக்கம் அவள் கண்ணில் பட்டது.

புதிய நிக்கல் கைப்பிடி பளபளத்தது. அது கீழ்நோக்கித் திரும்பியிருந்தது.

வலப்பக்கக் கதவு திறந்து கிடந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். சாவுவிசாரணைக்கு வந்த மருத்துவர் விரல்களை வெகுநேரம் பார்த்தார். அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார், பிறகு பையை மூடிக்கொண்டு கிளம்பினார். மார்லிஸ் அடக்கத்துக்கு முன்பே பழைய இரும்புக்காரரை வரவழைத்தாள். அந்த வண்டி நசுங்குவதை அருகிலேயே நின்று பார்த்தாள். பெஞ்சு அளவுக்குச் சப்பையாகி, வேறு இரும்போடு இரும்பாகப் போய்ச்சேரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

கல்லறைத்தோட்டத்துக்கு ஆர்லோ வந்திருந்தான். தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"நல்லா இருக்கா. ஞாபகமே இல்ல அவளுக்கு."

"சரி."

அவனைத் தாண்டி நடந்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பியும் ஹாம் சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே வந்து இருக்கிறோம் என்று சொன்னவர்களை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அவள் தனியாகக் காரில் ஏறினாள். பிற்பகல் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. இருபுறமும் சூரியகாந்தி. நேர்ச்சாலை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை.

கல்லறைத்தோட்டம் கண்ணாடியில் மறைந்ததும் அந்த ஒலி ஆரம்பித்தது.

கார்தான் ஒலித்தது. டிங், டிங் என்று. முன்பலகையில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று காட்டும் விளக்கு.

அவள் திரும்பிப் பார்த்தாள். இருக்கை காலியாக இருந்தது. கைப்பையைக்கூட அவள் அங்கே வைக்கவில்லை.

காரை ஓரம் கட்டினாள். ஒலி நிற்கவில்லை. வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயமாக இல்லை. பல நாளுக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"ஒரின்," என்றாள் மெல்ல. "நீதானா?"

டிங். டிங். டிங்.

"இரு. போட்டுவிடறேன்."

எட்டி பெல்ட்டை இழுத்தாள். குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். ஒலி நின்றது. கையை எடுத்தாள்.

ஆளில்லாத இருக்கையில் பெல்ட் தானாக உள்ளிழுத்துக்கொண்டு சாய்வோடு ஒட்டிவிடும். இது ஒட்டவில்லை. இருக்கையைவிட்டு விலகி, முன்னால் வளைந்து, இறுக்கமாக நின்றது.

ஒரின் பருத்த ஆள். அவன் உட்கார்ந்தால் பெல்ட் முழுவதையும் இழுத்தாக வேண்டும்.

இது ஒரு மெலிந்த பெண் உடம்பின் அளவுக்கு மட்டுமே வளைந்திருந்தது. மார்லிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.