வாசல் எந்தப் பக்கம்?

அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஓயாமல் தொணதொணப்பதால் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது தொணா என்றுதான். ஆனால் அன்று காலை, கல்லூரியில் அம்மாவின் அறையில், அவள்கூட வாயைத் திறக்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

அறை என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. மண்ணுக்குள் வாழும் பொடிப்பொடி உயிர்களைப் பற்றி அம்மா அங்கே ஆராய்ச்சி செய்தாள். அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் தொடாத வேலை. துறைத் தலைவர் அதற்கு வைத்த பெயர், மண்ணாங்கட்டி ஆராய்ச்சி. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள்.

இப்போது அவர் கறாராகச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் மண்ணிலிருந்து ஓர் உயிரையாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் அறை போய்விடும். அறை போனால் ஆராய்ச்சியும் போச்சு.

மேசைமேல் ஒரு பெரிய தகரப் புனல். அதன் வாயில் சல்லடை. சல்லடைமேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி. மேலே விளக்கு எரிந்தது. கீழே ஒரு கண்ணாடிக் குப்பி. விளக்கின் சூடு பொறுக்காமல் பூச்சிகள் கீழே இறங்கிக் குப்பியில் விழ வேண்டும். ஆனால் குப்பி எப்போதும்போல் காலி.

"முதல்ல மண்ண உதிர்த்துப் போட்டேன். வெறும் தூசிதான் கொட்டுச்சு," என்றாள் அம்மா. "அதனாலதான் தரையில இருந்த மாதிரியே, ஒரு புல்லுகூட சாயாம வெட்டி வச்சேன். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல. அவர் சொல்றதுதான் சரி போல."

விளக்கை அணைத்துவிட்டு, சாமான்களைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். அம்மா இப்படித் தோற்றுப்போய்ப் பேசித் தொணா கேட்டதே இல்லை.

அவள் மண்கட்டியைக் கையில் எடுத்தாள். புல்லுக்கு நடுவே ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கத்தி வெட்டிய இடம் மெழுகியதுபோல் மூடிக் கிடந்தது.

"அம்மா, இந்த ஓட்டையெல்லாம் என்ன?"

"அதுங்க போக வர வழி."

"ஐயோ பாவம். அப்போ வாசல் மேலதான இருக்கு? நீ வாசல்லயே தீய மூட்டிட்ட. பின்பக்கம் கதவே இல்ல. அதுங்க எப்படித் தப்பிக்கும்?"

அம்மாவின் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

தோட்டத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு கட்டி வெட்டி வந்தார்கள். புல் கீழே பார்க்கும்படி சல்லடைமேல் கவிழ்த்து வைத்து, மறுபடி விளக்கைப் போட்டார்கள்.

"விளக்கக் கொஞ்சம் தூக்கி வைம்மா. ரொம்பச் சுடும்," என்றாள் தொணா.

அம்மா தூக்கி வைத்தாள். ஆனால் நம்பிக்கை வரவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மதியம் போயிற்று. குப்பி காலியாகவே இருந்தது. நாம்தான் வீண் ஆசை காட்டிவிட்டோமோ என்று தொணாவுக்கும் அழுகை வந்தது. இருந்தாலும் குப்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தலைக்கு மேலே படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, எல்லாம் எடுத்து வச்சாச்சா?"



"அம்மா," என்றாள் தொணா மெதுவாக, "தூசி நடக்குது."

அம்மா எழுந்து வந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துறைத் தலைவரிடம் நீட்டினாள்.

அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"ஆறு கால் இருக்கே. இதுக்குப் பேரு என்ன?"

"தெரியல சார். இதுவரைக்கும் யாருமே பேரு வச்சதில்லன்னு நினைக்கிறேன்."

"சரி. அறை உங்களுக்கே இருக்கட்டும்," என்றார் அவர், இன்னும் குனிந்தபடியே.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்," என்றாள் தொணா. "நீங்க வெளிச்சத்த மறைக்கிறீங்க. அடுத்தது வருது."