எழுநூற்று எட்டு மணி நேரக் கோள்

ஐயமானியின் முள் முப்பத்தெட்டில் போய் நின்றது. பத்தைத் தாண்டினால் முதுகலை வானியலில் தேர்ச்சி கிடையாது.

பொற்கொடி ஒத்திகை அறையில் நின்றபடி அதே வரியை மறுபடி சொன்னாள். "இந்த நட்சத்திரம் இருபத்தொன்பதரை நாளுக்கு ஒரு முறை மங்குகிறது. ஒரு கோள் அதை மறைப்பதே காரணம்."

மறுபடியும் முப்பத்தெட்டு. கேட்பவர் மனதில் எழும் சந்தேகத்தை அளக்கும் கருவி அது. அரங்கில் நாற்காலிகளில் பதித்த உணரிகள் அளக்கும். ஒத்திகையில் பழைய பார்வையாளர்களின் பதிவை வைத்து அதுவே கணித்துவிடும். ஆய்வு எப்படி இருந்தாலும், அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் இப்போதெல்லாம் பட்டம்.

கருவியோடு கூடவே இருந்த, உரையைத் திருத்தும் மென்பொருளான உரைச்செப்பனி ஒரு திருத்தம் தந்தது. நாள் வேண்டாம், 'எழுநூற்று எட்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம்' என்று சொல்லவும். சொன்னாள். முள் ஆறுக்கு இறங்கியது.

அதே எண்தானே! நாள் கணக்கில் சொன்னால் சந்தேகம், மணிக் கணக்கில் சொன்னால் இல்லையா? இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் இரண்டு வருட உழைப்பு. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் உரைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வகுப்புத் தோழன் ஜெபசிங் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான்.

"சாரி பொற்கொடி, ஒரு பஸ்லயும் எடமில்ல. திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் மொத்தமும் திரும்பி வருது."

"எப்போ பௌர்ணமி?"

"நேத்து. வானியல் படிக்கிற, இதுகூடத் தெரியாதா?"

தெரியாதுதான். அவள் பயன்படுத்திய தொலைநோக்கி வேறொரு கண்டத்தில் இருந்தது. எண்கள் திரைக்கு வந்துவிடும். இரண்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. நேற்றும் அவளுடைய நட்சத்திரம் மங்கியிருந்தது. அதற்கு முன் அது மங்கிய தேதிகளை நாள்காட்டியில் பார்த்தாள். எல்லாம் பௌர்ணமி.

பெயரைக் கூப்பிட்டார்கள். பயத்தில், மனப்பாடம் செய்ததையே ஒப்பித்தாள். முள் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. அரங்கில் முப்பது வானியலாளர்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவளைப் பயமுறுத்தியது.

"ஐயா, இது கோள் இல்லை," என்றாள் திக்கித் திணறி. "பின்னணியில் இருக்கும் நிலா வெளிச்சத்தைக் கழிக்கும்போது நான் கூடுதலாகக் கழித்துவிட்டேன். அதனால் பௌர்ணமிதோறும் நட்சத்திரம் மங்கியதுபோலத் தெரிந்திருக்கிறது. தப்பு என்னுடையது."

முள் தொண்ணூற்றொன்றுக்கு எகிறியது.

துறைத்தலைவர் கோதண்டபாணி கனிவாகச் சிரித்தார். "பயப்படாதம்மா. முதல் தடவை மேடை ஏறினா எல்லாரும் ஏதாவது உளறத்தான் செய்வாங்க. கோள் மூணு, திருத்தம் தொண்ணூத்தொண்ணு. எதை ஏத்துக்கணும்னு நாங்க எங்க முடிவு பண்றோம்? கோள்தான் பதிவாகும்."

அவள் எவ்வளவோ வாதாடினாள். வாதாட வாதாட முள் ஏறிக்கொண்டே போயிற்று.

மறுவாரம் அரங்க வாசலில் புதிய பித்தளைத் தகடு மாட்டப்பட்டது. பொற்கொடியின் பெயர், கீழே எழுநூற்று எட்டு மணி. வெட்கம் பிடுங்கித் தின்றது. துறையின் நாற்பத்திரண்டாவது கோள் அது. மற்ற தகடுகளைப் பார்த்தாள். எல்லாமே மணிக் கணக்கு. முதல் தகட்டில் கோதண்டபாணியின் பெயர், கீழே எட்டாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு மணி.

கைபேசியில் இருபத்து நான்கால் வகுத்தாள். முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாள். பூமி சூரியனை ஒரு முறை சுற்றிவரும் காலம்.

"என்னம்மா அப்படிப் பார்க்கற?" பின்னால் கோதண்டபாணி நின்றிருந்தார்.

"உங்க கோள் எத்தனை நாளைக்கு ஒரு தடவை சார் சுத்துது?"

"நாளா?" என்றார் அவர், உண்மையிலேயே யோசித்தபடி. "அப்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லையே."