நீலப் பேரலின் தண்ணீர்

கரண்ட் போய் வெகுநேரம் ஆகியும் கொல்லைப்புறத்தில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை.

இசக்கிசெல்வி துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மோட்டார் இரைச்சல் இல்லை. பென்னலூரின் அந்த வாடகை வீட்டுக்குள் புழுக்கமும் கொசுவத்திப் புகையும்தான் தேங்கியிருந்தன. ஆனாலும் பின்னால், நீலப் பேரலிலிருந்து மீன் தொட்டிக்குள், யாரோ விடாமல் முணுமுணுப்பதுபோலத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

அந்தப் பேரல் ஃபில்டரை அவளும் கணவன் மாரிராஜும் போன வாரம்தான் செய்து முடித்திருந்தார்கள். ஒரகடம் ரோட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பேரல், இடுப்பளவு உயரம். மூடி கழற்ற முடியாத வகை என்பதால் மேலே ஒரு கை மட்டும் நுழையும்படி அவன் ஓட்டை அறுத்தான். அதன் வழியாக அவள் பிடிபிடியாகக் கூழாங்கல்லையும் கரியையும் போட்டு, மேலே ஸ்பாஞ்சைத் திணித்தாள். மோட்டார் ஏற்றும் அழுக்குத் தண்ணீர் இவற்றில் வடிந்து, அடியில் பொருத்திய குழாய் வழியாகத் தெளிந்து தொட்டிக்குத் திரும்பும்.

அவள் பின்வாசலுக்கு வந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் பட்டுச்சேலையில் நின்றிருந்தாள்.

"யக்கா, ஒங்க வீட்ல கரண்டு இருக்கா?"

"எங்க கீது? அப்பவே பூடுச்சி. இன்னாம்மா, உங்க வூட்ல மட்டும் மோட்டார் ஓடுது?"

"ஓடலக்கா."

கங்கம்மாள் சிரித்தாள். "நாங்க மணிமங்கலத்துல ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பிகினு கீறோம். வூட்டப் பாத்துக்கோ."

ஆட்டோ சத்தம் தேய்ந்து மறைந்தது.

இசக்கிசெல்வி மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் விழுந்தது. பேரலின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்பாஞ்ச் காய்ந்து கிடந்தது. தொட்டால் மொரமொரத்தது. அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வலது கையை உள்ளே விட்டாள். ஸ்பாஞ்சை விலக்கினாள். கரி, காய்ந்த கரி. கூழாங்கல் வெதுவெதுப்பாக இருந்தது, சற்றுமுன் யாரோ உட்கார்ந்து எழுந்த இடம்போல. தோள்வரை கையை இறக்கி, கன்னத்தைப் பேரலில் பதித்து, குழாயின் வாயைத் தேடித் துழாவினாள்.

கற்கள் தாமாக விலகி வழிவிட்டன.

பிறகு அவள் மணிக்கட்டை ஐந்து விரல்கள் பிடித்தன.

இழுத்தாள். அறுத்த விளிம்பு தோளைக் கிழித்தது. பிடி இறுகியது. பேரலைக் காலால் உதைத்தாள். சாயக்கூடாதென்று மாரிராஜ் அடியில் சிமெண்ட் போட்டுப் பதித்திருந்தான். அசையவில்லை.

"விடு..." என்றாள். பிறகு, "விட்ருங்க."

செல்போன் உள்ளே கட்டிலில். மாரிராஜ் ஷிப்டில். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

"யாராச்சும் வாங்களேன்!"

ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்து இன்னொன்று.

தண்ணீர் நின்றது.

எந்தச் சத்தமும் இல்லை. அவள் மூச்சு மட்டும்.

பதித்த கன்னத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்கு நேரே தொட்டியும், அதன்மேல் நீட்டியிருந்த குழாயும். குழாயின் வாயில் ஏதோ வெளுப்பாக அசைந்தது. பிதுங்கியது. ஒரு விரல். இரண்டு. ஒரு முழுக் கை, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய தோலோடு மணிக்கட்டுவரை வெளியே வந்து தொங்கியது. நகங்களில் பாதி உரிந்த ரோஸ் கலர் பாலிஷ். அவள் பூசியது.

அந்தக் கை மெல்லத் தொட்டிக்குள் இறங்கி, இரை போடுவதுபோல விரிந்தது. மீன்கள் மொத்தமாகத் திரும்பின.

பேரலுக்குள், காய்ந்த கற்களுக்கு அடியில், தன் விரல் நுனிகளைச் சின்னச் சின்ன வாய்கள் கவ்வத் தொடங்குவதை இசக்கிசெல்வி உணர்ந்தாள்.