ஒரு தையல் மட்டும்

பாம்பனில் அந்தக் கட்டடத்தை இன்னமும் ஐஸ் கம்பெனி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஐஸ் அடிப்பது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. இயந்திரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. உருப்படியாக மிஞ்சியது பின்பக்கத்துக் குளிர் அறை ஒன்றுதான். அதற்குச் சன்னல் கிடையாது. சுவரும் கதவும் தக்கை அடைத்து ஒரு முழம் தடிமன் இருக்கும். உள்ளே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே நிற்பவனுக்கு ஈ பறந்த சத்தம்கூடக் கேட்காது. எலி வராது, ஈரம் ஏறாது என்று லீமாரோஸ் அந்த அறையைத் தையல் வேலைக்காக வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், கார்த்திகை மாதத்து நடுப்பகல். மழை தூறிக்கொண்டே இருந்தது. லீமாரோஸ் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். கூட வந்த தம்பி சவேரியார் குடை பிடிக்கிற ஜாதி இல்லை. நனைந்த தலையை ஆட்டுக்குட்டி போல உதறிவிட்டு நின்றான்.

"சட்டுன்னு பாத்து முடிக்கா. நாளைக்கு வள்ளம் எறங்குது. வலையெல்லாம் அப்படியே கெடக்கு."

"கெடக்கட்டும். எரியுதா இல்லையான்னு பாக்காம ஒன்னையக் கடலுக்கு விடமாட்டேன்."

அவள் பார்க்க வந்தது ஒரு சட்டையை. கடலுக்குப் போகிறவர்கள் மேலுக்குப் போட்டுக்கொள்கிற கையில்லாத மிதவைச் சட்டை. உள்ளே ஃபோம், வெளியே தடித்த துணி, முன்பக்கம் கட்டிக்கொள்ள நாடா. தோளிலும் நெஞ்சிலும் குன்றிமணி அளவில் பல்புகள் இருக்கும். அவற்றை இணைத்து ஓடுகிற பூத்தையல் பார்வைக்குத்தான் அலங்காரம். தைத்த நூல் செம்புக்கம்பி, அதில்தான் மின்சாரம் ஓடும். இடுப்பில் மெழுகு பூசிய பைக்குள் வாட்ச் பேட்டரிகள். நெஞ்சின் நடுவில் இரண்டு பித்தளை டிச் பட்டன்கள், ஒன்றையொன்று தொடாமல் விரல் இடைவெளியில் இருக்கும். போட்டவன் தண்ணீரில் விழுந்தால் உப்புத் தண்ணீர் இரண்டையும் சேர்த்துவிடும், பல்புகள் எரியும். மயங்கிக் கிடந்தாலும் அவன் இருக்கிற இடம் தெரிந்துவிடும். இப்படிச் சட்டைகள் தைத்துத் தரச் சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கேட்டது. அபிராமத்துப் பெண் சண்முகவள்ளி, எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், வந்து கற்றுக்கொடுத்தாள். உலோகம் கலந்த எந்த நூலும் ஆகும் என்று அவள்தான் சொன்னாள்.

அந்தச் சொல்லைத்தான் லீமாரோஸ் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் முதல் சட்டையைத் தன் புருஷன் சிலுவைமுத்துவுக்காகத் தைத்தபோது செம்பு நூல் தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து வர நாளாகும். அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் கல்யாணச் சேலையின் முந்தானையிலிருந்து ஜரிகையை இழை இழையாக உருவி மிச்சத்தைத் தைத்து முடித்தாள். செம்பைவிட ஜரிகையில் வெளிச்சம் நன்றாகவே எரிந்தது. "என்னையப் பெரிய கோயில் தேர் மாதிரி ஆக்கிட்டியே ரோசு" என்று சிலுவைமுத்து சிரித்தான்.

இந்த வருஷம் புரட்டாசிக் காற்றில் அவன் வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் பிழைத்து வந்தார்கள். வந்து அவர்கள் சொன்னதுதான் அவளை இன்றுவரை தூங்கவிடவில்லை. விடிகிற வரைக்கும் அவனுடைய வெளிச்சத்தைப் பார்த்தார்களாம். பக்கத்தில் போகப் போக அது விலகிக்கொண்டே போனதாம்.

உடம்பு கிடைக்காதவனுக்கு அவர்கள் தெருவில் ஒரு முறை உண்டு. காலிப் பெட்டிக்குள் அவன் வேட்டி சட்டையை வைத்து, பெண்டாட்டியின் கல்யாணச் சேலை முந்தானையைக் கிழித்து மேலே போர்த்திப் புதைப்பார்கள். அதன்பிறகு அவனை இந்தக் கரையோடு கட்டி வைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று கணக்கு. லீமாரோஸ் மாமியார் யாகப்பம்மாளுக்குத் தெரியாமல் வேறொரு சேலையைக் கிழித்து வைத்தாள். அவன் விரல் பட்ட ஜரிகையை மண்ணுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கொடுக்காதது மட்டுமல்ல, ஆர்டர் வந்த சட்டைகள் அத்தனையிலும் செம்புக்குப் பதில் அந்த ஜரிகையையே கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குத் தம்பியாவது பத்திரமாக இருக்க வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

சோதிக்கிற முறை எளிதுதான். பட்டப்பகலிலும் குளிர் அறை கும்மிருட்டு. ஒருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார், இன்னொருவர் கதவைச் சாத்துவார். பாட்டிலில் கொண்டுபோன கடல்தண்ணீரை பட்டன் மேல் தெளித்தால் எந்த பல்பு மங்கல், எந்த பல்பு அணைந்தது என்று தெரிந்துவிடும். பிறகு கதவின் இரும்புச் சட்டத்தைக் கல்லால் தட்ட வேண்டும், அது மட்டும் வெளியே கேட்கும். உட்பக்கத்துக் கைப்பிடி துருப்பிடித்து விழுந்துவிட்டதால் வெளியே இருப்பவர்தான் கொண்டியைத் தூக்கித் திறக்க வேண்டும்.

சவேரியாரின் அளவுக்குத் தைத்த சட்டையை லீமாரோஸ் போட்டுக்கொண்டாள். முன்னால் நாடாவைப் பூ முடிச்சாகக் கட்டினாள்.

"தட்டுனதும் தெறந்துருடா. பீடி பத்தவைக்கப் போயிராத."

"இங்கனதான் நிக்கேன். போக்கா."

அவன் கதவைச் சாத்தினான். கொண்டி விழுந்தது. மழைச்சத்தம் சட்டென்று அறுந்தது.

அந்த அறையின் இருட்டு அவளுக்குப் பழக்கம்தான். தக்கையும் பழைய அம்மோனியாவும் கலந்த வாடையும் பழக்கம். கொடியில் தொங்குகிற மற்றச் சட்டைகளின் ஓரம் தோளில் உரசியது. ஒரு கையில் கல்லை வைத்துக்கொண்டு, மறுகையால் பாட்டில் மூடியைத் திருகப் போனாள்.

தெளிப்பதற்கு முன்பே நெஞ்சில் வெளிச்சம் வந்தது.

லீமாரோஸ் குனிந்து பார்த்தாள். எல்லா பல்பும் எரிந்தன. மழை ஈரம் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நல்ல தண்ணீருக்கு இது எரியாது, அதுவும் அவளுக்குத் தெரியும். பட்டனைத் தொட்டாள். ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

கொடியில் ஓரத்துச் சட்டையின் பல்புகள் எரிந்தன. அதற்கு அடுத்தது எரிந்தது. அதற்கும் அடுத்தது. ஆள் இல்லாத சட்டைகள் வரிசையாக, வெளிச்சத் தோள்களோடு நின்றன. எங்கோ தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அம்மோனியா வாடை போய், டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை எழும்பியது.

கல்லால் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

இன்னும் ஓங்கித் தட்டினாள். "சவேரி. ஏலே சவேரி." குரல் தக்கைக்குள் இறங்கிக் காணாமல் போனது. சட்டையைக் கழற்றிவிடலாம் என்று நாடாவைத் தேடினாள். முன்னால் நாடா இல்லை. விலாவைச் சுற்றித் தடவிக்கொண்டே போனாள். நாடா இரண்டும் முதுகுப்பக்கம் போயிருந்தன.

முதுகில் ஒரு முடிச்சு இருந்தது.

விரலால் தடவியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வலைக்காரன் முடிச்சு, ஆனால் இடப்பக்கமாகச் சுற்றியது. சிலுவைமுத்து இடதுகைக்காரன். அவன் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கரையே கேலி பேசும்.

சட்டை இறுகியது. பின்னாலிருந்து ஒருவன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஃபோம் அமுங்கி, விலா எலும்பு அமுங்கி, மூச்சு பாதியில் நின்றது. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த தண்ணீர் ஒழுகி ரவிக்கைக்குள் இறங்கியது.

"ரோசு."

அவள் திரும்பவில்லை. திரும்ப இடம் இல்லை.

"குளிருது ரோசு."

பயமா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் குரலுக்காக எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். அந்தக் கணத்தில் இப்படியே நின்றுவிடலாம், கதவு திறக்காமலே போகட்டும் என்றுகூட நினைத்தாள்.

"போக முடியலயா?" என்று கிசுகிசுத்தாள்.

"நூலு இழுக்குது. நீ தைக்கத் தைக்க இழுக்குது."

அவளுக்கு விளங்கிவிட்டது. அறைக்குள் அடைபட்டது அவள் மட்டும் இல்லை. புரட்டாசியிலிருந்து அவனையும் அவள்தான் கட்டி வைத்திருந்தாள், நாளைக்கு ஊர்ப்பிள்ளைகள் முதுகில் ஏறப்போகிற இந்தச் சட்டைகளில்.

கழுத்தில் கயிற்றில் தொங்கிய நூல்வெட்டி கைக்கு அகப்பட்டது. நெஞ்சின் மேல் ஓடிய முதல் ஜரிகைத் தையலை வெட்டினாள். ஒரு பல்பு அணைந்தது. கூடவே கொடியிலும் ஒரு சட்டை அணைந்தது. அணைப்பு இன்னும் இறுகியது.

"வெட்டாத."

வெட்டினாள். கண்ணீர் ஒழுகியது, கை நிற்கவில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வெளிச்சம் போனது. கடைசியில் இடது தோளுக்கு அடியில், நெஞ்சு துடிக்கிற இடத்தில், ஒரே ஒரு தையலும் ஒரு பல்பும் மிஞ்சின. மற்றதெல்லாம் இருட்டு.

"ஒண்ணு மட்டும் விட்டுரு ரோசு. அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல."

நூல்வெட்டி தையலின் அடியில் நுழைந்து நின்றது.

"இத என் தம்பி போடுவான்," என்றாள். "அவன ஒண்ணும் பண்ணிராதீங்க."

 சொட்டுகிற தண்ணீர் அவள் தோளில் விழுந்தது.

"விழுந்தான்னா நான் புடிச்சுக்கிறேன். விடமாட்டேன்."

கை தானாக இறங்கியது. அந்த பல்பும் அணைந்தது, ஆனால் தையல் இருந்தது. விலாவில் பிடி தளர்ந்தது.

கதவு திறந்து பகல் வெளிச்சம் முகத்தில் அடித்தது. சவேரியார் கொண்டியைப் பிடித்தபடி நின்றான்.

"என்னக்கா, கதவச் சாத்திக் கையக்கூட எடுக்கல, அதுக்குள்ள தட்டுற?"

அவள் குனிந்து பார்த்தாள். நாடா முன்னால்தான் இருந்தது, அவள் கட்டிய பூ முடிச்சோடு. சட்டை சொட்டுகூட நனையவில்லை. காலடியில் மட்டும் வெட்டிய ஜரிகைத் துணுக்குகள் கிடந்தன.

மறுநாள் வள்ளத்தில் தம்பியை அவள் அனுப்பவில்லை. காய்ச்சல், தலைவலி என்று படுத்துக்கொண்டு அவனைப் பிடித்து வைத்தாள். சண்முகவள்ளியிடம் சொல்லி மதுரையிலிருந்து செம்பு நூல் வரவழைத்து, எல்லாச் சட்டையிலும் ஜரிகையை உருவி எடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்தாள். உருவிய இழைகளையும் கல்யாணச் சேலையையும் எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். யாகப்பம்மாள் திட்டவில்லை. மருமகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், தலைமாட்டில் மண்ணைத் தோண்டி எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியா ஆத்தா?"

"குடுத்துட்டேன் அத்தை."

சவேரியாரின் சட்டையில் இடது தோளுக்கு அடியில் ஒரு தையல் இருந்தது. பேட்டரி எட்டாத, பல்பு சேராத ஒற்றைத் தையல். அது என்ன செய்துவிடும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். செய்தாலும் நல்லதுதானே செய்யும், வாக்குக் கொடுத்தவன் யார், அவள் புருஷன் அல்லவா.

தை மாதம் குருசடைத் தீவுக்கு அந்தப் பக்கம் சவேரியாரின் வள்ளத்தை அலை புரட்டியது. சட்டை எரிந்தது. வெளிச்சத்தைப் பார்த்து வந்த வேறொரு வள்ளத்துக்காரர்கள் அவனை முழு உசுரோடு தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தெருவே லீமாரோஸைக் கொண்டாடியது. பார்த்தவர்களெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு சவேரியார் அக்கா வீட்டு அடுப்பங்கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே நல்ல வெயில். அவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கொடுத்த காப்பி அப்படியே ஆறிப்போய் இருந்தது.

"முன்னாலதானக்கா நாடா கட்டுனேன்," என்றான் மெல்ல. "தூக்கிப் போட்டவுக பாத்தப்ப முடிச்சு முதுகுல இருந்துச்சாம். அவுக்க முடியாமக் கத்தியால அறுத்து எடுத்தாக."

லீமாரோஸ் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"தண்ணிக்குள்ள யாரோ பின்னாலருந்து என்னையப் புடிச்சிருந்தாக. முங்கவிடல. நல்லதுக்குத்தான் புடிக்காகன்னு நெனச்சேன்."

"சரி. அதான் வந்துட்டேல்ல. சட்டையையும் கழத்திப் போட்டாச்சு."

சவேரியார் நிமிர்ந்து பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாகத்தான் எடுக்க முடிந்தது.

"சட்டையக் கழத்தியாச்சுக்கா. பிடிய விடலயே."

அவள் போர்வையை விலக்கி அவன் விலாவில் கை வைத்தாள். நனைந்திருந்தது. அவள் விரல்களுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடது கை, சில்லென்று இருந்தது.