ஆடிக்காற்றில் விழுந்த கேப்டன்

“ஏனுங்க, உங்க மூஞ்சி வந்து என்ற வண்டி மேல விழுந்திருக்குது! பதில் சொல்லுங்க!”

“அது... நான் வெக்கலீங்க. எங்கப்பா வெச்சதுங்க.”

“அப்ப உங்கப்பாவைக் கூப்பிடுங்க!”

“அவரு கோயமுத்தூர் போயிருக்காருங்க...”

“ஊரடைச்சு ஃபிளெக்ஸ் வெக்கத் தெரியுது, நாலு கயிறு சேர்த்துக் கட்டத் தெரியலீங்களா? என்ற கழுத்து மேல விழுந்திருந்தா யாருங்க பொறுப்பு?”

எங்கள் பக்கத்துச் சண்டைக்கு ஓர் அழகு உண்டு. தொண்டை கிழியும், கண் சிவக்கும், ஆனால் ‘ங்க’ மட்டும் தவறாது. அனுப்பர்பாளையம் வளைவில் அன்று கூடிய கூட்டம் அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தது. பேக்கரியில் இருந்தவர்கள் டீ கிளாஸோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள்.

விழுந்து கிடந்த ஃபிளெக்ஸில், ‘எங்கள் மண்ணின் முதல் விமானி, கேப்டன் தரணீதரன், வருக! வருக!’ என்று எழுதியிருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் நாலு தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடி. பின்னால் ஒரு பெரிய விமானம். கீழே மாமன்மார், சித்தப்பன்மார் எல்லோரும் வரிசையாகக் கும்பிட்டபடி நின்றார்கள். ஆடிக்காற்று ஒரே உதறலில் அத்தனை பேரையும் குப்புறத் தள்ளிவிட்டது.

நிஜத் தரணீதரன் எதிர்வீட்டு கேட்டிலிருந்து ஓடி வந்திருந்தான். ஓடி வரும்போது அவன் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ‘யாரோ செத்துட்டாங்க... என்னாலதான்...’

யாரும் சாகவில்லை. கவிழ்ந்த ஸ்கூட்டிக்குப் பக்கத்தில், துணி வாங்கும் வெளிநாட்டு பாயருக்கு அனுப்பவேண்டிய சாம்பிள் பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். பைக்குள் இருந்த வெள்ளைக் குழந்தைச் சட்டைகளெல்லாம் செம்மண் தண்ணீரில் குளித்திருந்தன. அவள் கண்கள்... பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் ஏறி வரும்போது மேற்கு வானம் கறுக்குமே, அந்தக் கறுப்பு. எந்த நேரமும் கொட்டிவிடும் போலிருந்தன.

அப்போது காற்று மறுபடி எழுந்தது. ஃபிளெக்ஸின் ஒரு முனை படபடவென்று அடித்துக்கொண்டது. தரணீதரனின் முகம் வெளுத்தது. கைகள் நடுங்கின. சட்டென்று அவற்றை பேன்ட் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அவள் கண்ணில் பட்டது. திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“ஏனுங்க... உடம்பு சரியில்லீங்களா?” என்றாள் மெதுவாக.

அந்தக் குரலில் ஓர் ஆள் விழுந்தால் குற்றம் சொல்ல முடியுமா?

அந்தப் பெண் மோனிஷா, பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அதாவது, வெளிநாட்டு பாயர் ஒரு மெயில் தட்டினால் இங்கே தூக்கம் தொலைக்கிற வேலை. சட்டைகளை அலசித் தருவதாகச் சொல்லி தரணீதரன் தன் அப்பா ரத்தினசாமியின் பனியன் கம்பெனிக்கு அவளை அழைத்துப் போனான். அலசி, அயர்ன் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் போதும். அவர்களுக்குச் சாயங்காலம் வரை ஆனது. ஏன் ஆனது என்று சாம்பிள் ரூம் அக்காள்மாரைக் கேட்டால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மறுநாள் அவள் மறந்துவிட்டுப் போன இன்ச் டேப்பைக் கொடுக்க அவன் போனான். அதற்கு மறுநாள், டேப் சரியாக இருக்கிறதா என்று விசாரிக்கப் போனான். எல்லாம் நியாயமான காரணங்கள்தான்!

“கேப்டனுக்கு ஊர்ல வேலையே இல்லீங்களா?” பேக்கரி வாசலில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள் அவள்.

“நான் கேப்டன் இல்லீங்க.”

“பின்ன தோள்ல நாலு பட்டை?”

“ஒண்ணுகூட இல்லீங்க. தென்னாப்பிரிக்காவுல இன்னும் படிச்சுட்டுத்தான் இருக்கறேன். லைசென்ஸே வரலை. அப்பாதான் ஃபிளெக்ஸ்காரர்கிட்ட சொல்லி, என்ற தலையை எடுத்து வேற யாரோ உடம்புல ஒட்டிப்போட்டாரு.”

மோனிஷாவுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. “சாம்பிளே அப்ரூவல் ஆகலை... அதுக்குள்ள உங்கப்பா பல்க்கா ஆயிரம் பீஸ் ஓட்டிட்டாரா!”

அவனும் சிரித்தான். அவர்கள் தலைக்கு மேலே, கோவையிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மேகத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தரணீதரன் மட்டும் டீ கிளாஸைப் பார்த்தான்.

அவள் அதையும் கவனித்தாள்.

“லீவு எப்ப முடியுதுங்க?”

“அங்க இப்ப மழைக்காலம்... பறக்க விடமாட்டாங்க...”

“பொய் சொன்னா உங்க காது சிவக்குதுங்க.”

சாரல் விழத் தொடங்கியது. பேக்கரித் தகரத்தின் கீழ் ஒதுங்கி நின்றபோது அவன் சொன்னான். முதல் தடவையாக, யாரிடமும் சொல்லாததை. தனியாகப் பறந்த ஒரு நாள்... கடலோர ஓடுதளம்... இறங்குகிற நேரத்தில் பக்கவாட்டிலிருந்து அடித்த காற்று. ஒரு இறக்கை தரையைத் தொடப் போனது. விழுந்தோம் என்றே நினைத்தான். எப்படியோ மறுபடி மேலே தூக்கி, சுற்றி வந்து, இறக்கிவிட்டான். பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனால் அன்று நடுங்கத் தொடங்கிய கை இன்றுவரை நிற்கவில்லை.

“இந்த ஆகஸ்ட் கடைசிக்குள்ள திரும்பலைன்னா என்ற எடம் வேற ஒருத்தனுக்குப் போயிருமுங்க. விமானத்துல ஏறோணும்னு நெனச்சாலே... கால் தரையில இருக்கற மாதிரியே இல்லீங்க...”

மோனிஷாவின் நெஞ்சு திடுக்கென்றது. ‘ஒரு இறக்கை தரையைத் தொடப் போனது.’ தொட்டிருந்தால்? இந்தக் காது சிவக்கிற மனுஷன் இந்த பேக்கரி வாசலில் நிற்கவே மாட்டானே... பார்த்துப் பத்து நாள் ஆகாத ஓர் ஆளுக்காக ஏன் தன் உள்ளங்கை வியர்க்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு அந்த இடம் எங்கே தெரிகிறது?

“ஆவணி பொறந்ததும் குன்னத்தூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க நிச்சயம் பண்ண வாராங்க. அவங்களுக்கு பைலட் மாப்பிள்ளை வேணுமாம். வேண்டாம்னு சொல்லிப்போடறேங்க. உங்களுக்குத்தான் என்ற பழுது தெரியும். உங்களைப் புடிச்சிருக்குதுங்க... பறக்கறதை விட்டுட்டு இங்கயே இருந்துக்கறேன்.”

அவள் கண்களில் இருந்த மேகம் இடித்தது.

“ஓஹோ! நல்ல பீஸுன்னு சொல்லி குன்னத்தூருக்கு. பழுதுன்னு தெரிஞ்சா எனக்கு. நான் என்ன, பழுதுப் பீஸ் விக்கற காதர்பேட்டை செகண்ட்ஸ் கடைங்களா?”

“அப்படிச் சொல்லலீங்க...”

“நாளைக்கு ஊர் என்ன பேசும்? பறந்துட்டிருந்த பையனை இவதான் மடக்கி உக்கார வெச்சுட்டான்னு பேசும். அந்தப் பேரு எனக்கு வேண்டாமுங்க. உங்க ஊட்டுலயே சொல்லத் தைரியமில்லாத ஆளு, ரோட்டுல நின்னு என்கிட்ட என்னத்தைச் சொல்றீங்க?”

கொட்டும் மழையில் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். அவள் போன வேகத்தைப் பார்த்துத் தரணீதரனுக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது.

ஆவணி பிறந்தது. குன்னத்தூரிலிருந்து இரண்டு காரில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களான நாமும் அவர்கள் சன்னல் பக்கமாகத்தான் இருந்தோம். கொடியில் துணி உலர்த்துவதுகூடக் குற்றமா? அம்மா மாரக்காள் பட்டுச்சேலையில் மின்னினார். பெண்ணின் தாய்மாமன் சோபாவில் சாய்ந்தபடி, “ஏனுங் மாப்பிள்ளை, நீங்க ஓட்டற பிளேன்ல நாங்க வந்தா டிக்கெட் கேப்பாங்களா?” என்றார். ரத்தினசாமி பெருமையாகச் சிரித்தார்.

தரணீதரன் கையிலிருந்த காபி டம்ளர் டபராவில் இடித்துக் கிணுகிணுவென்று ஒலித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒளிக்க இந்த முறை பையில்லை. வேட்டி கட்டியிருந்தான்.

“நான் பைலட் இல்லீங்க மாமா,” என்றான். “இன்னும் ஆகலை. ஆவேனான்னும் தெரியலை. பறக்கறதுக்குப் பயமா இருக்குதுங்க.”

“என்றா சொல்றே?” ரத்தினசாமி எழுந்துவிட்டார்.

“நெசந்தானுங்கப்பா. அங்க ஒருநாள் விழப் பாத்தேன். ஏற முடியாமத்தான் ஓடியாந்துட்டேன்.”

குன்னத்தூர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். “மழை வாராப்பல இருக்குதுங்க, கெளம்பறோமுங்க,” என்று சொல்லிக் காலியாக இருந்த வானத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

மாரக்காள் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். “என்ற சாமி... விழப் பாத்தியா? ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு...”

ரத்தினசாமி கத்துவார் என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். அவர் கத்தவில்லை. மகனின் கையைப் பிடித்து அந்த நடுக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போதும் சாமி. நாளையிலிருந்து ஃபேக்டரிக்கு வந்துரு. தரையில இருந்துக்க.”

எத்தனை நாளாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தை அது! கேட்டதும் நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னால் ஒரு வெறுமையும் வந்தது. விழப் பார்த்த நாளுக்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது... காலை வெயிலில் கீழே கடல், முன்னால் யாருமில்லாத வானம், காரணமில்லாமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்ட தான். அதை இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தபோது, இறக்கை சாய்ந்ததைவிட அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் மதியச் சாரலில் மோனிஷாவின் கம்பெனி கேட்டில் போய் நின்றான்.

“ஊட்டுல சொல்லிப்போட்டேனுங்க.”

“தெரியும். ஊருக்கே தெரியும்.” அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நல்லாப் போச்சு. இனி ஃபேக்டரில முதலாளியா உக்காருங்க.”

“இல்லீங்க. வெள்ளிக்கிழமை கெளம்பறேன்.”

அவள் சடாரென்று நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “எங்கீங்க?”

“திரும்பி அங்கேயே. பயம் போகலீங்க. பயத்தோடதான் போறேன்.”

“காத்து அடிச்சா?”

“அடிக்கும்.”

“மறுபடி... அதே மாதிரி...”

“ஆனா மறுபடி மேல தூக்கி, சுத்தி வருவேன். அன்னைக்கும் வந்தேனுங்களே.”

போகாதீங்க என்று சொன்னால் நின்றுவிடுவான். நாக்கு நுனி வரை வந்த அந்த வார்த்தையை விழுங்க அவள் பட்ட பாடு! எத்தனையோ ஷிப்மென்டை நெஞ்சு பதறாமல் அனுப்பியவள், கேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க நானு...”

“செகண்ட்ஸ் கடைன்னதுங்களா? சரியாத்தான் சொன்னீங்க.” அவன் காது சிவந்தது. இந்த முறை பொய்யில்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. எறங்குனதும் யாருக்காச்சும் சொல்லோணும்னு இருக்குது. யாருக்குச் சொல்றது?”

சாரல் அவள் இமையில் விழுந்ததா, இமையிலிருந்து விழுந்ததா...

“எனக்குத்தான் சொல்லோணும்,” என்றாள். “வேற யாருக்காச்சும் மொதல்ல சொன்னீங்க... தொலைச்சுப்போடுவேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. ரொம்ப பயமா இருக்குது. ரெண்டுமேதான்.”

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. குன்னத்தூர்ப் பெண் பல் டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சேலம் போய்ச் சேர்ந்தாள், சௌக்கியமாக இருக்கிறாளாம். தரணீதரனுக்கு லைசென்ஸ் வர, மற்றவர்களுக்கு ஆவதைவிடக் கூடுதலாகவே நாளானது. அது வந்த பின் பிறந்த தை மாதத்திலேயே அவிநாசி ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். இப்போது இருவரும் ஹைதராபாத்தில். துணை விமானியான அவன் தோளில் இரண்டு பட்டை ஏறியிருக்கிறது. கை நடுங்குவதில்லையாம்.

மருமகள் ரொம்ப இளைத்துவிட்டாள், அந்த ஊர்ச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மாரக்காள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சோற்றின் மேல் பழி போட்டு என்ன செய்ய? அவன் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும், ‘எறங்கிட்டேன்’ என்று போனில் வரும்வரை அவள் தட்டின் முன் உட்காருவதே இல்லை.